கிண்ணத்தில் ஊற்றிய உறவு

இந்த ஜப்பானியப் படத்தின் நாயகனான கெஞ்சி என்பவன் சிறைக்குள் போனது 2005-இல். வெளியே வருவது 2019-இல். கும்பலுக்காக ஒரு கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு 14 ஆண்டுகளைத் தொலைத்தவன். பழைய யாகுசா படமாக, அதாவது ஜப்பானிய நிழலுலகக் கும்பல்காரர்களைப் பற்றிய படமாக இருந்தால், இந்த இடத்தில் அவனுக்கு ராஜமரியாதை நடக்கும். கறுப்புக் கார்கள் வரிசைகட்டி நிற்கும், அடியாட்கள் இருபுறமும் குனிந்து வணங்குவார்கள். இங்கேயும் ஒரு விருந்து நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அறையில் மிஞ்சியிருப்பவர்கள் தலை நரைத்த சிலர் மட்டுமே. தலைவரைப் புற்றுநோய் தின்றுகொண்டிருக்கிறது. கடைத்தெருவில் மாமூல் நின்றுபோய் வெகுகாலமாகிவிட்டது. வயிற்றுப்பாட்டுக்காக இரவில் விலாங்கு மீன்குஞ்சுகளைத் திருட்டுத்தனமாக அள்ளி விற்கிறார்கள். ஒருகாலத்தில் ஊரே பயந்து ஒதுங்கிய மனிதர்கள், குளிரில் நடுங்கிக்கொண்டு மீன்குஞ்சு பொறுக்குகிறார்கள்.

ஃபுஜீ மிச்சிஹிதோ எழுதி இயக்கி, 2021 ஜனவரியில் ஜப்பானில் வெளியான படம் இது. நெட்ஃபிளிக்ஸில் 'எ ஃபேமிலி' என்ற பெயரில் வந்தது. கதையின் முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். பார்த்துவிட்டுத்தான் படிப்பேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கட்டுரை எங்கும் ஓடிவிடாது.

குற்றமும் குடும்பமும் பின்னிக்கிடக்கும் நிழலுலகப் படங்களுக்கு எந்த மொழியிலும் பஞ்சமில்லை. வெளியே வெட்டுக்குத்து, வீட்டுக்குள் பாசம் என்ற அந்தச் சூத்திரம் எனக்கு அலுத்துப்போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் படம் என்னை இழுத்துப்பிடித்ததற்குக் காரணம் அதன் மூன்றாவது பகுதி. ஒரு மனிதனை ஒடுக்க நினைக்கும் சமூகம் அவனுடைய உறவுகளை எப்படிக் கருவியாக்கிக்கொள்கிறது என்பதை, துப்பாக்கியைத் தொடாமல், இவ்வளவு நிதானமாகக் காட்டிய நிழலுலகப் படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

படம் மூன்று காலங்களில் நடக்கிறது: 1999, 2005, 2019. மூன்றிலும் கெஞ்சியாக வருபவர் அயானோ கோ. முதல் பகுதியில் இருபது வயதைத் தொடாத பையன். சாயமடித்த மஞ்சள் முடி, வெள்ளை உடை. அப்பாவின் இறுதிச் சடங்குக்கு அப்படியே ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறான். போதைமருந்தால் சீரழிந்து செத்தவர் அந்த அப்பா. அதனால் போதைமருந்து விற்பவர்கள் மீது அவனுக்குத் தீராத வெறுப்பு. ஒரு விற்பனையாளனிடமிருந்து சரக்கைப் பிடுங்கிக் கடலில் கொட்டுகிறான். விற்று நான்கு காசு பார்க்கும் புத்தி அவனிடம் இல்லை. அந்த வயதுக் கோபம் அப்படித்தான் இருக்கும். ஆய்கோ என்ற பெண் நடத்தும் சிறிய உணவகத்தில் தற்செயலாக ஷிபாசாகி என்ற யாகுசா தலைவரின் உயிரைக் காப்பாற்றுகிறான். பிறகு, கடலில் கொட்டிய சரக்கின் சொந்தக்காரர்களிடம் மாட்டி அடிவாங்கிச் சாகக் கிடக்கும்போது, அவன் சட்டைப்பையில் இருந்த ஷிபாசாகியின் முகவரி அட்டை அவனைக் காப்பாற்றுகிறது. தன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்த பெரியவர் முன்னால், அதுவரை யாரிடமும் தலைவணங்காத அந்தப் பையன் தேம்பித் தேம்பி அழுகிறான். அயானோ கோவின் நடிப்பில் நான் மிக ரசித்தது அந்த அழுகையைத்தான். நன்றி, அவமானம், களைப்பு எல்லாம் கலந்து, மூக்கு ஒழுக அழும் சின்னப் பிள்ளையின் அழுகை.

அடுத்தது கிண்ணச் சடங்கு. யாகுசா உலகத்தில் ஒருவன் கும்பலில் சேர்வது வேலைக்குச் சேர்வதைப் போன்றதல்ல, தத்துப்போவதைப் போன்றது. ஜப்பானின் ஷிந்தோ மதத் தெய்வங்களின் பெயர்கள் எழுதிய சுருள்களைத் தொங்கவிட்டு, உப்பும் முழு மீனும் படைத்து, அரிசி மதுவை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார்கள். குடித்து முடித்ததும் பிள்ளையானவன் அந்தக் கிண்ணத்தைக் காகிதத்தில் சுற்றித் தன் மார்புக்குள் செருகிக்கொள்வான். அன்று முதல் தலைவர் தந்தை. சக ஆட்கள் அண்ணன் தம்பிகள். அண்ணன் தம்பிக்குள்ளும் கணக்கு உண்டு: சமமானவர்கள் என்றால் மது சரிபாதி, மூத்தவன் இளையவன் என்றால் ஆறுக்கு நான்கு, ஏழுக்கு மூன்று என்று பங்கு மாறும். உறவை முறிக்க வேண்டுமென்றால் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருமணத்திலும் மதுக்கிண்ணம் மாற்றிக்கொள்ளும் ஜப்பானிய வழக்கத்தை நினைத்துப்பார்த்தால், இந்தச் சடங்குக்கு ஏன் இவ்வளவு கனம் என்பது விளங்கும்.

ஷிபாசாகியாக நடித்திருக்கும் தாச்சி ஹிரோஷி ஜப்பானியத் தொலைக்காட்சியில் துப்பறிவாளராகப் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தவர். குரலை உயர்த்தாமலே ஒரு அறையை நிரப்புகிறார். ஆனால் இங்கேதான் எனக்கு முதல் நெருடல். ஷிபாசாகி ரொம்ப நல்லவராக இருக்கிறார். போதைமருந்தைத் தொடமாட்டார், கண்டபடி கை வைக்கமாட்டார், பிள்ளைகளை உண்மையாகவே பிள்ளைகளாக நினைக்கிறார். எதிர்க்கும்பல்காரனான காட்டோவுக்கோ ஒரு நல்ல குணமும் கிடையாது. 1960-களில் தகாகுரா கென் நடித்த படங்களில் வந்த நியாயவான் யாகுசாவும் துரோகி யாகுசாவும் இவர்கள்தான். அந்தக் கற்பனையை இயக்குநர் ஃபுகாசாகு கிஞ்சி 1973-இலேயே உடைத்துப்போட்டார்; அவருடைய ஹிரோஷிமா படங்களில் தந்தையான தலைவர்கள் அழுது நடித்து, பிள்ளைகளை விற்றுப் பிழைப்பார்கள். அரை நூற்றாண்டு கழித்து ஒரு இளைய இயக்குநர் உடைந்ததை ஒட்டவைக்கப் பார்க்கிறாரே என்று எண்ணிக்கொண்டுதான் முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்தேன்.

2005 பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யூகா என்ற பெண்ணிடம் கெஞ்சி தட்டுத்தடுமாறிக் காதல் சொல்வது அழகு. சண்டை மூள்கிறது, காரோட்டிய தம்பி சுடப்பட்டுச் சாகிறான், பழிவாங்கப் புறப்படுகிறான் கெஞ்சி. அவனுக்கு முன்னால் நகாமுரா என்ற மூத்தவர் காரியத்தை முடித்துவிட, பழியை இவன் ஏற்கிறான். நாம் பலமுறை பார்த்த கதை, நன்றாகவே எடுத்திருக்கிறார்கள்.

2019-க்குள் நுழைந்ததும் திரையே சுருங்குகிறது. முதல் இரண்டு பகுதிகளும் அகலத் திரையில் ஓட, மூன்றாவது பகுதி பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போலக் கிட்டத்தட்டச் சதுரமாகிவிடுகிறது. இருபுறமும் கறுப்பு. வேறொரு படத்தில் இதை வித்தை என்று ஒதுக்கியிருப்பேன். இங்கே அது வேலை செய்கிறது. கெஞ்சி எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இடிக்கிறது.

என்னோடு சேர்ந்து படம் பார்த்த என் அண்ணன் இந்த இடத்தில் பொறுமையிழந்துவிட்டார். "சிறையிலிருந்துதான் வந்துவிட்டானே, வேறு ஊருக்குப் போய் உழைத்துப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்றார். நியாயமான கேள்வி. படமும் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது.

ஜப்பானில் யாகுசாவாக இருப்பதையே குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாசலில் பெயர்ப்பலகை மாட்டிய அலுவலகங்கள் பல காலம் ஊருக்கு நடுவில் இருந்தன. 1992 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டம் பெரிய கும்பல்களைப் பெயர் குறித்து அறிவித்து, அவர்கள் மிரட்டிப் பணம் கேட்கும் வழிகளை அடைத்தது. பெரிய திருப்பம் அதற்குப் பிறகு வந்தது. 2010-இல் ஃபுகுவோகா மாகாணம் ஓர் ஒழிப்பு விதியைக் கொண்டுவந்தது. 2011 அக்டோபருக்குள் டோக்கியோ உட்பட 47 மாகாணங்களிலும் அத்தகைய விதிகள் வந்துவிட்டன. இவை யாகுசாவைப் பார்த்துப் பேசவில்லை. சாதாரண மக்களைப் பார்த்துப் பேசின. அவர்களுக்கு ஆதாயம் தரும் எதையும் செய்யாதே, அவர்களோடு வணிகம் வைத்துக்கொள்ளாதே என்றன. விளைவாக, வங்கிக் கணக்கு, வாடகை வீடு, காப்பீடு, கைப்பேசி என எல்லா ஒப்பந்தப் படிவங்களிலும் 'நான் அப்படிப்பட்டவன் அல்ல' என்று கையெழுத்திடும் ஒரு பத்தி ஏறியது. மறைத்துக் கையெழுத்திட்டால் மோசடி வழக்கு. யாகுசா என்பதை மறைத்து கோல்ஃப் ஆடியது மோசடியா என்ற கேள்வி 2014-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், ஒரு வழக்கில் ஆம் என்றும் இன்னொரு வழக்கில் இல்லை என்றும் தீர்ப்பானது.

சரி, கும்பலை விட்டு விலகிவிட்டால்? விலகிய பின்னும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு அவன் யாகுசாவாகவே கருதப்படுவான். வீடு எடுக்க முடியாது, சம்பளம் போடக் கணக்கு திறக்க முடியாது. அந்த ஐந்து ஆண்டுகளும் எதைத் தின்பது என்பதற்கு மட்டும் எந்தப் படிவத்திலும் பதில் இல்லை. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் கும்பலிலேயே இருந்துவிடலாமே" என்றார். பலர் அதைத்தான் செய்கிறார்கள். 2019 முடிவில் எஞ்சியிருந்தவர்களில் பாதிக்கு மேல் ஐம்பது வயதைக் கடந்தவர்கள்.

எண்ணிக்கையில் பார்த்தால் விதிகள் வென்றுவிட்டன. 1963-இல் 1,84,000-க்கும் மேல் இருந்த யாகுசாக்கள், 2019 முடிவில் 28,200. 2024 முடிவில் 18,800. கணக்குக்குள் வராத ஆட்களைத்தான் ஃபுஜீ பின்தொடர்கிறார்.

ஹொசோனோவை எடுத்துக்கொள்ளுங்கள். கெஞ்சியின் இளவயதுத் தோழன், கும்பலில் தம்பி. கெஞ்சி உள்ளே இருந்த காலத்தில் விலகி, ஐந்து ஆண்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து, வேலை தேடி, கல்யாணம் செய்து, ஒரு மகளும் பிறந்திருக்கிறாள். கெஞ்சியைப் பார்த்ததும் அவன் முகத்தில் மகிழ்ச்சியும் பயமும் ஒன்றாக எழுகின்றன. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். இச்சிஹாரா ஹயாதோ என்ற நடிகர் அந்த இரண்டையும் ஒரே பார்வையில் கொண்டுவருகிறார்.

சாகக் கிடக்கும் ஷிபாசாகியே கெஞ்சியை விலகச் சொல்கிறார். தந்தையே பிள்ளையை வீட்டைவிட்டுப் போ என்கிறார். அவரால் கடைசியாகக் கொடுக்க முடிந்தது அதுதான். கெஞ்சி ஹொசோனோவின் வேலையிடத்திலேயே சேர்கிறான். யூகாவைத் தேடிப் போகிறான். அவள் இப்போது நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஆயா என்று 14 வயதில் ஒரு மகள். கணக்குப் போட நமக்கும் கெஞ்சிக்கும் ஒரே நேரம்தான் ஆகிறது. மூவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே மேசையில் சாப்பிடும் காட்சிகள் சில வருகின்றன. கெஞ்சி நுனிநாற்காலியில் உட்கார்ந்து, சோற்றுக்கிண்ணத்தைச் சிறைப்பழக்கம் மாறாமல் பற்றிக்கொண்டு சாப்பிடுவதைப் பார்க்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. இது நிலைக்காது என்று நமக்குத் தெரியும்.

அதைக் கெடுப்பது எதிரியின் கத்தி அல்ல. கூட வேலை பார்க்கும் ஒரு சின்னப் பையன், முன்னாள் யாகுசாவை நேரில் பார்த்த பரவசத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுக்கிறான். கெட்ட எண்ணம் எதுவும் அவனுக்கு இல்லை. அந்தப் படம் இணையத்தில் ஏறுகிறது. அவ்வளவுதான். ஹொசோனோவின் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். யூகாவுக்கு அலுவலகத்தில் இருக்க முடியாமல் போகிறது. பள்ளியில் ஆயாவை ஒதுக்குகிறார்கள். யூகா கெஞ்சியிடம், எங்களை விட்டுப் போய்விடு என்று மன்றாடுகிறாள். யூகாவாக நடித்த ஓனோ மச்சிக்கோ அந்த ஒரு காட்சியில் காட்டியதை, திரைக்கதை அவருக்குப் படம் முழுக்கக் கொடுத்திருக்கலாம். ஒற்றையாளாகப் பிள்ளை வளர்த்த 14 ஆண்டுகளை ஓரிரு வசனங்களில் தாண்டிவிடுகிறார் ஃபுஜீ. ஆண்களின் கண்ணீருக்கு மட்டும் இந்தப் படத்தில் நேரம் தாராளம்.

இது சினிமாவின் மிகையோ என்று யாருக்காவது தோன்றினால், தோக்காய் தொலைக்காட்சி எடுத்து 2015-இல் ஒளிபரப்பிய 'யாகுசாவும் அரசமைப்பும்' என்ற ஆவணப்படத்தைப் பார்க்கலாம். ஒசாகாவில் ஒரு யாகுசா அலுவலகத்துக்குள்ளேயே கேமராவோடு போய் உட்கார்ந்து எடுத்தது. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க முடியவில்லை, மழலையர் பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள் என்பவைதான் அங்கே அவர்கள் அடுக்கும் குறைகள். 2020-இல் ஹியோகோ மாகாணம் தன் விதியைத் திருத்தி, யாகுசாக்கள் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எதையும் கொடுக்கக்கூடாது என்று தடைபோட்டது. அந்த மாகாணத்தின் கோபே நகரில் யமாகுச்சி கும்பல் ஆண்டுதோறும் ஹாலோவீன் நாளில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு மிட்டாய் வழங்கிவந்ததை நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு. சிரிப்பதா யோசிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் தடை சரி என்றே நினைக்கிறேன். மிட்டாய் கொடுக்கும் மாமாவாக அறிமுகமாகிறவனை நான்கு வருடம் கழித்து எப்படி மறுப்பது?

பரிதாபத்துக்கும் ஓர் எல்லை வேண்டும் அல்லவா. படம் எல்லோருக்காகவும் அழுகிறது; மாமூல் கட்டிய கடைக்காரர்கள் மட்டும் அதன் கண்ணில் படவில்லை. 1992 மே மாதம் இயக்குநர் இதாமி ஜூசோ, யாகுசாக்களின் மிரட்டலுக்குப் பணியாத ஒரு ஓட்டலின் கதையைப் படமாக வெளியிட்ட சில நாட்களிலேயே, வீட்டருகே அவர் முகத்தைக் கத்தியால் கிழித்தார்கள். கிதக்யூஷூ நகரில் குதோ என்ற யாகுசா கும்பல் செய்தவை இன்னும் மோசம். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஒருவரை 1998-இல் சுட்டுக்கொன்றார்கள். குடும்பம் அதற்குப் பிறகும் வளைந்துகொடுக்கவில்லை என்பதற்காக, 2014-இல் அவருடைய பேரனான பல்மருத்துவரைக் கத்தியால் குத்தினார்கள். இந்த வழக்குகளில் கும்பலின் தலைவருக்கு ஃபுகுவோகா மாவட்ட நீதிமன்றம் 2021-இல், இந்தப் படம் வெளியான அதே ஆண்டில், மரண தண்டனை விதித்தது. 2024-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. ஒருவனை அடிக்க அவன் குடும்பத்தைத் தேடிப்போகும் வித்தையை அரசு புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கடைக்காரர்கள் பல தலைமுறையாக யாகுசாக்களிடம் அனுபவித்ததுதான் அது. ஃபுஜீ இந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் ஷிபாசாகியின் நரைத்த தலை இவ்வளவு ஒளிவீசியிருக்காது, படம் பெரிதாகியிருக்கும்.

இருந்தும் ஆயாவைக் குற்றம் சொல்ல யாரால் முடியும்? அவள் யாரிடமும் மாமூல் வாங்கவில்லை. ஹொசோனோவின் மகளும் வாங்கவில்லை. படம் அந்த இரண்டு பெண்பிள்ளைகளிடம் வந்து நிற்கும்போது என் வாதங்கள் எல்லாம் கொஞ்சம் தள்ளி நிற்கவேண்டியதாயிற்று.

கடைசியில், எல்லாம் இழந்த கெஞ்சி காட்டோவைத் தேடிப் புறப்படுகிறான். ஆய்கோவின் மகன் சுபாசா, தன் அப்பாவைக் கொன்றதற்காகக் காட்டோவைத் தீர்க்கப் போகவிருந்தவன். அவன் போவதற்குள் கெஞ்சி போய்விடுகிறான். பிறகு துறைமுகத்தில், ஹொசோனோ கெஞ்சியைக் கத்தியால் குத்துகிறான். மனைவியையும் மகளையும் இழந்தவனின் கத்தி அது. குத்துகிறவன்தான் கதறுகிறான், குத்துப்பட்டவன் அவனை அணைத்துக்கொள்கிறான். இதற்குப் பிறகு சுபாசாவும் ஆயாவும் அதே துறைமுகத்தில் சந்திக்கும் காட்சி ஒன்று. அப்பா எப்படிப்பட்டவர் என்று அவள் கேட்கிறாள். பலரை அழவைத்த காட்சி என்று படித்தேன். எனக்கு அது ஒரு கரண்டி சர்க்கரை அதிகம். ஹொசோனோவின் அழுகையோடு நிறுத்தியிருந்தால் போதும் என்பேன். என் அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவில்லை, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் அதிகம் யோசித்தது சுபாசாவைப் பற்றித்தான். இசோமுரா ஹயாதோ நடித்திருக்கும் இந்த இளைஞன் எந்தக் கும்பலிலும் சேரவில்லை. யாரிடமும் கிண்ணம் வாங்கிக் குடிக்கவில்லை. இரவுக் கடைகளுக்குப் பாதுகாப்பு கொடுத்துக்கொண்டு, தன் போக்கில் ஒரு சிறு கூட்டத்தோடு திரிகிறான். யாகுசா விதிகள் எதுவும் அவனைத் தொடாது. அவன் யாகுசாவே அல்ல. இத்தகைய கூட்டங்களை ஜப்பானியக் காவல்துறை 2013-இல் தனியாக வகைப்படுத்திக் கண்காணிக்கத் தொடங்கியது. 2023-இல் இன்னொரு வகையையும் சேர்க்கவேண்டி வந்தது: சமூக வலைத்தளத்தில் 'ஒருநாள் வேலை, நல்ல கூலி' என்று விளம்பரம் போட்டு ஆள்பிடித்து, முகம் தெரியாதவன் கைப்பேசியில் கட்டளையிட, ஒருவரையொருவர் அறியாத இளைஞர்கள் முதியவர்களின் வீடு புகுந்து கொள்ளையடிக்கும் வகை. வேலை முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். பிடிபட்டவனுக்குத் தலைவன் யாரென்றே தெரியாது. அங்கே தந்தையும் இல்லை, தம்பியும் இல்லை, சிறைக்குப் போனவனின் தாய்க்குச் சோறு போடும் கடமையும் யாருக்கும் இல்லை.

கெஞ்சியின் தியாகத்தால் சுபாசா தப்பித்துவிட்டான் என்று படம் நம்புகிறது. எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. அவன் கையில் அன்றைக்கு ரத்தம் படாமல் கெஞ்சி பார்த்துக்கொண்டான், உண்மைதான். ஆனால் மறுநாள் இரவு அதே தெருவில், அதே கடைகளின் முன்னால் நிற்பதைத் தவிர சுபாசாவுக்கு வேறு பிழைப்பு எதையும் அந்த ஊர் இன்னும் காட்டவில்லை.